நடுப்புள்ளில 25 வரணும், 9 வந்துச்சு

எங்க பட்டறைல ஒரு பித்தளைப் பிளேட் டெஸ்டுக்கு வேண்டியிருந்துச்சு. சதுரமான பிளேட், மேல் விளிம்புல ஹீட்டர் பார், இடது வலது விளிம்புல தண்ணி ஓடுற பார், கீழ் விளிம்புல கிளாஸ் வூல் அடைச்சு மூடிருவோம். பிளேட்டுக்குள்ள எந்த இடத்துல எவ்வளவு சூடு நிக்கும்னு ஒரு மேப் வேணும்னு ஃபோர்மேன் அண்ணன் கேட்டாரு. வெளில சாஃப்ட்வேர்ல போட்டுக் கொடுக்குறவங்க இருக்காங்க, ஆனா இது நாமளே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதானேன்னு நான் எடுத்துக்கிட்டேன், ரெண்டு மூணு வாரம் சாயங்கால நேரம் பூரா இதுலயே போச்சு. அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதி வைக்கிறேன், ஏன்னா நான் மாட்டின இடத்துல நிறைய பேர் மாட்டுவாங்கன்னு தோணுது, அதுவும் மாட்டினது தெரியாமலே.

கணக்கோட அடிப்படை ரொம்ப எளிமை. சூடு ஏறி இறங்கி எல்லாம் நிலைக்கு வந்த பிறகு பிளேட்ல எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதோட வெப்பநிலை சுத்தி இருக்குற புள்ளிகளோட சராசரியா இருக்கும். அதனால பிளேட்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் மேல, கீழ, இடது, வலது நாலையும் கூட்டி நாலால வகுத்துப் போட்டுக்கிட்டே வரணும். ஒரு தடவை போட்டா போதாது, ஏன்னா நாம எடுத்த அந்த நாலும் இன்னும் சரியாகலை. அதனால திரும்பத் திரும்ப சுத்தணும். சுத்தச் சுத்த விடைக்குப் பக்கத்துல போகும். இவ்வளவுதான் முறை.

நிஜப் பிளேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி விடை தெரிஞ்ச ஒரு கணக்குல கம்ப்யூட்டர் கோடை ஓட்டிப் பார்க்கணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன். மேல் விளிம்பு 100 டிகிரி, மத்த மூணு விளிம்பும் 0. இதுல நடுப்புள்ளி கரெக்டா 25 வந்தே ஆகணும், அதுக்கு எந்தப் பெரிய ஃபார்முலாவும் வேண்டாம். இதே பிளேட்டை நாலு திசையிலயும் திருப்பி வச்சு நாலு விடையையும் கூட்டினா நாலு விளிம்பும் 100 ஆகுது, நாலு பக்கமும் 100ன்னா உள்ள பூரா 100தான். நாலு பிளேட்லயும் நடுப்புள்ளி ஒரே இடம், அப்போ ஒவ்வொண்ணோட பங்கும் 25. இந்த ஒரு நம்பர் கைல இருந்ததாலதான் நான் தப்பிச்சேன்.

முதல்ல பேப்பர்ல போட்டேன். அன்னைக்கு கரண்ட் இல்ல, பட்டறைல வேற வேலை ஓடலை, ஒரு பேட்ல உள்ள 3க்கு 3ன்னு ஒன்பது கட்டம் மட்டும் வரைஞ்சேன். எல்லாத்துலயும் 0 வச்சு ஆரம்பிச்சு, மேல் வரிசைல இடமிருந்து வலமா வந்து, போட்ட புது நம்பரை உடனே அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்திக்கிட்டு இறங்கினேன். முதல் கட்டம் 25, அடுத்தது 31.25, அடுத்தது 32.81. முதல் சுற்று முடியுறப்போ நடுக்கட்டத்துல 9.375. ரெண்டாவது சுற்றுல 17.19. மூணாவதுல 21.09. நாலாவதுல 23.05. 25ல இருந்து எவ்வளவு தூரம்னு பக்கத்துலயே எழுதினேன், 15.63, 7.81, 3.91, 1.95. சரிபாதி, சரிபாதியா குறையுது! கையில போட்டுப் பார்க்கிறப்போ இது கண்ணு முன்னாடி நடக்குறது ஒரு தனி சந்தோஷம், கரண்ட் வந்த பிறகும் ஆறாவது சுற்று வரைக்கும் பென்சில்லயே போட்டேன்.

இந்த வழி புதுசு இல்ல. காஸ்ங்கிற ஜெர்மன் கணித மேதை 1823 டிசம்பர் 26ஆம் தேதி தன்னோட மாணவர் கெர்லிங்குக்கு எழுதின கடிதத்துல நில அளவைக் கணக்குக்கு இந்த மாதிரி ஒரு வழியைச் சொல்லிக் கொடுக்குறாரு. நேரடியா சமன்பாட்டைத் தீர்க்காம கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கிட்டே போற வழி, பாதித் தூக்கத்துலகூட பண்ணலாம், வேற எதையாச்சும் யோசிச்சுக்கிட்டே பண்ணலாம்னு எழுதியிருக்காரு. பேப்பர்ல போட்டவங்களுக்கு அது எவ்வளவு உண்மைன்னு தெரியும், நடுவுல ஒரு இடத்துல தப்பா கூட்டிட்டாகூட அடுத்த சுற்றுகள் அதைத் தானாவே சரி பண்ணிரும். சைடல்னு இன்னொரு ஜெர்மன்காரர் 1874ல இதைப் பத்தி எழுதினாரு, அதனால காஸ்-சைடல்னு பேரு. புது நம்பரை உடனே எடுக்காம, ஒரு சுற்று முழுக்கப் பழைய நம்பரையே வச்சுப் போட்டுட்டு மொத்தமா மாத்துனா அது ஜக்கோபி முறை.

அந்த ஒன்பது கட்டத்துல நான் பார்த்த இன்னொரு விஷயம்தான் பின்னாடி என்னைக் குழில தள்ளுச்சு. ரெண்டாவது சுற்றுல நடுக்கட்டம் 7.81 நகர்ந்துச்சு, மிச்ச தூரமும் 7.81. மூணாவதுல 3.91 நகர்ந்துச்சு, மிச்சமும் 3.91. அதாவது கடைசியா எவ்வளவு நகர்ந்துச்சோ, விடைக்கு இன்னும் அவ்வளவு தூரம்தான். அப்போ நகர்றது 0.01 ஆயிட்டா நாம விடைல இருந்து 0.01க்குள்ள இருக்கோம்னு மனசுல பதிஞ்சிருச்சு. ஒன்பது கட்டத்துக்கு அது நூத்துக்கு நூறு சரி.

அடுத்து ஸ்ப்ரெட்ஷீட். விளிம்பையும் சேர்த்து 21க்கு 21 கட்டம். ஒவ்வொரு செல்லும் பக்கத்து நாலு செல்லோட சராசரி, அந்த நாலுல ஒவ்வொண்ணும் இந்த செல்லைப் பார்க்குது, அதனால வட்டமா சுத்துதுன்னு வார்னிங் வரும், செட்டிங்ஸ்ல போய் இட்டரேஷனை (திரும்பத் திரும்பச் சுத்துறதை) ஆன் பண்ணா ஓடும். அங்க ரெண்டு நம்பர் முன்னாடியே போட்டிருக்கும், 100 சுற்று, மாற்றம் 0.001. முதல் ஓட்டத்துல நடுசெல் 22 பக்கத்துல நின்னுச்சு. எஃப்9 அடிச்சேன், இன்னொரு 100 சுற்று, 24.7. இன்னொரு தடவை அடிச்சேன், இந்தத் தடவை நூறும் ஓடலை, பாதி தாண்டினதும் மாற்றம் 0.001க்குக் கீழ போயிருச்சுன்னு 24.96ல நின்னுருச்சு. அதுக்கப்புறம் அடிச்சா கடைசி இலக்கம் மட்டும் துளித்துளியா நகருது. 24.96 நல்ல விடைதானேன்னு நான் அதைத் தாண்டிப் போயிட்டேன். 0.001ல நிறுத்தச் சொன்னோம், 0.04 தள்ளி நிக்குதே, நாற்பது மடங்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பவே நின்னு கேட்டிருக்கணும், கேட்கலை.

பிறகு பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழி. நிஜப் பிளேட்டுக்கு ஸ்க்ரூ இடங்கள் எல்லாம் தெரியணும்னா பொடிக் கட்டம் வேணும்னு 101க்கு 101 வச்சேன், உள்ள மட்டும் 99க்கு 99, மொத்தம் 9801 கட்டம். ஜக்கோபில ஆரம்பிச்சேன், எழுதுறதுக்கு அதுதான் எளிது. சுற்றுக்குச் சுற்று எந்தக் கட்டமும் 0.01 டிகிரிக்கு மேல மாறலைன்னா நிறுத்துன்னு எழுதினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று வாக்குல நின்னுச்சு. கலர் மேப் போட்டேன், அவ்வளவு அழகா வந்துச்சு, மேல சிவப்பு, கீழ நீலம், இடதும் வலதும் கண்ணாடி வச்ச மாதிரி ஒண்ணு, எங்கேயும் பிசிறு இல்ல. நடுப்புள்ளியை பிரிண்ட் பண்ணா 9 டிகிரி சொச்சம்.

25 எங்க, 9 எங்க. முதல்ல சந்தேகப்பட்டது கோடைத்தான். வரிசையையும் நெடுவரிசையையும் மாத்திப் போட்டுட்டேனா, விளிம்புக் கட்டத்தையும் சேர்த்து மாத்திடுறேனா, நாலுக்குப் பதிலா வேற எதாலயோ வகுக்குறேனா, பழைய டேபிளும் புது டேபிளும் ஒண்ணாயிடுச்சான்னு ஒவ்வொண்ணா பார்த்தேன். (இந்தக் கடைசி விஷயம் பைத்தான்ல நிஜமாவே நடக்கும், காப்பி எடுக்காம ரெண்டு பேரு மட்டும் வச்சா ஒரே டேபிள்தான், செல் செல்லா லூப் ஓட்டினீங்கன்னா உங்களுக்குத் தெரியாமலே ஜக்கோபி காஸ்-சைடலா மாறி பாதிச் சுற்றுல முடியும்.) ரெண்டு சாயங்காலம் போச்சு. கோட்ல ஒரு தப்பும் கிடைக்கலை.

மூணாவது நாள் அதே கோடை, அதே 0.01ஐ வச்சுக்கிட்டு கட்ட எண்ணிக்கையை மட்டும் மாத்தி ஓட்டினேன். 11க்கு 11ல நடுப்புள்ளி 24.8. 21க்கு 21ல 24.2. 41க்கு 41ல 21.8. 101க்கு 101ல 9. பார்த்ததும் உட்கார்ந்துட்டேன். கட்டம் பொடிசானா விடை நல்லா ஆகணும், இங்க பொடிசாக ஆக மோசமா போகுது. கோட் தப்பா இருந்தா 11லயும் தப்பாத்தான் வரணும். அப்போ தப்பு கணக்குல இல்ல, நிறுத்துற இடத்துல.

பட்டறை ஆளுங்களுக்கு இதைச் சொல்லணும்னா டாலரன்ஸ்ங்கிற வார்த்தையை வச்சுத்தான் சொல்லணும். லேத்ல டாலரன்ஸ் 0.01ன்னா பீஸ் டிராயிங்ல இருக்குற அளவுல இருந்து 0.01க்குள்ள இருக்கு. மைக்ரோமீட்டர் வச்சுப் பார்க்கலாம். ஆனா இந்தக் கோட்ல டாலரன்ஸ் 0.01ன்னு நான் எழுதினதுக்கு அர்த்தம் அது இல்லவே இல்ல, கடைசியா டூல் எவ்வளவு நகர்ந்துச்சுங்கிறது மட்டும்தான். ஒரு வெட்டுக்கு 0.01 எடுக்குறோம்னா பீஸ் அளவுக்கு வந்துருச்சுன்னு யாராச்சும் சொல்வாங்களா? இன்னும் ரெண்டாயிரம் வெட்டு பாக்கி இருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சதுல நான் ஏமாந்தேன்.

எவ்வளவு பாக்கின்னு கண்டுபிடிக்க வழி இருக்கு, பள்ளிக்கூடத்துல படிச்ச பெருக்குத் தொடர் போதும். ஒவ்வொரு சுற்றுலயும் நகர்ற தூரத்தை வரிசையா பிரிண்ட் பண்ணி, ஒண்ணை அதுக்கு முந்தினதால வகுத்துப் பாருங்க. ஆரம்பத்துல இந்த விகிதம் அலையும், போகப் போக ஒரு நம்பர்ல உட்காரும். என் 101 கட்டத்துல அது 0.9995066 பக்கத்துல உட்கார்ந்துச்சு. கணக்குப் புத்தகத்துலயும் அதேதான், ஒரு பக்கத்துல 100 இடைவெளின்னா பையை (π) 100ஆல வகுத்து அதுக்கு கொசைன் எடுக்கணும். இப்போ கடைசியா நகர்ந்தது ஒண்ணுன்னா, அடுத்து 0.9995, அதுக்கடுத்து அதோட வர்க்கம், அப்படியே முடிவில்லாம போய்க் கூட்டினா மிச்ச தூரம் வரும், அதாவது விகிதத்தை ஒண்ணுல இருந்து விகிதத்தைக் கழிச்சதால வகுக்கணும். கிட்டத்தட்ட 2026. நகர்றது 0.001ன்னா விடைக்கு இன்னும் 2 டிகிரி பாக்கி!

ஒன்பது கட்டத்துல இதே கணக்கு என்ன சொல்லுது? காஸ்-சைடல்ல விகிதம் 0.5, அரையை அரையால வகுத்தா 1. அதான் நகர்ந்ததும் மிச்சமும் ஒண்ணா இருந்துச்சு. 21 கட்ட ஸ்ப்ரெட்ஷீட்ல விகிதம் 0.9755, வகுத்தா நாற்பது. அந்த 0.04 இங்கேர்ந்துதான் வந்துச்சு. கட்டத்தை ரெண்டு மடங்கு பொடிசாக்கினா இந்தப் பெருக்கம் நாலு மடங்காகும், அதனால சின்னக் கணக்குல யாருக்கும் தெரியாது, பெருசுல போய்த்தான் கடிக்கும்.

சரிபார்க்க டாலரன்ஸை 0.001 ஆக்கினேன், ஆறாயிரத்துச் சொச்சம் சுற்றுல நின்னுச்சு, நடுப்புள்ளி 23. சொன்னபடியே 2 பாக்கி. 0.0001 ஆக்கினேன், பத்தாயிரத்து எழுநூறு சுற்று, 24.8. அதுவும் 0.2 பாக்கின்னு கணக்கு சொன்னபடியே. முதல்ல வந்த 9ஐ மட்டும் இந்தப் பெருக்கம் நேரா சொல்லாது, 0.01க்கு 20 பாக்கின்னு சொல்லும், நிஜத்துல 16 வாக்குலதான் இருந்துச்சு. காரணம், அவ்வளவு சீக்கிரத்துல விகிதம் இன்னும் உட்காரலை, அதிகமா நகர்ந்துக்கிட்டிருந்த கட்டமும் நடுவுல இல்ல, கீழ்ப்பாதில இருந்துச்சு, சூடு அப்பத்தான் அங்க போய்ச் சேருது.

ஏன் இப்படி மந்தமாகுதுன்னு யோசிச்சப்போ எனக்குப் புரிஞ்ச விதம் இது. ஒவ்வொரு கட்டமும் பக்கத்து நாலு வீட்டை மட்டும்தான் பார்க்குது. ஒரு கட்டத்துல மட்டும் தப்பு இருந்தா பக்கத்து நாலும் அதை உடனே இழுத்துச் சரி பண்ணிடும், ரெண்டு மூணு சுற்றுல அந்தத் தப்பு கரைஞ்சிரும். ஆனா தெருவே சேர்ந்து ஒரே அளவு தப்பா இருந்தா? இவன் அவனைப் பார்க்குறான், அவனும் இவனை மாதிரியே இருக்கான், சரி நாம ஒழுங்காத்தான் இருக்கோம்னு யாரும் நகர மாட்டாங்க. தெருக்கோடில இருக்குற விளிம்புக்கு மட்டும்தான் உண்மை தெரியும், அந்த உண்மை ஒரு சுற்றுக்கு ஒரு வீடுன்னு உள்ள வரணும். அதனால மிச்சமா நிக்குற பிழை எப்பவும் வழவழன்னு மேடு மாதிரி பரவி இருக்கும். என் கலர் மேப் அவ்வளவு அழகா, பிசிறே இல்லாம வந்ததுக்கு இதான் காரணம், பிசிறெல்லாம் முதல் சில நூறு சுற்றுலயே போயிருச்சு, 16 டிகிரி மேடு மட்டும் யார் கண்ணுக்கும் படாம உட்கார்ந்திருந்துச்சு. சமன்பாட்டுல போட்டு மிச்சம் எவ்வளவு வருதுன்னு பார்த்தாலும் இதுல உதவாது, ஜக்கோபில அந்த மிச்சமும் சுற்றுல நகர்ற தூரமும் ஒரே சரக்கு, ஒண்ணு சின்னதுன்னா இன்னொண்ணும் சின்னதாத்தான் இருக்கும்.

இந்த விகிதம் கைல வந்ததும் ஒரு குறுக்கு வழி கிடைக்குது. 0.001ல நின்ன இடத்துல, நடுப்புள்ளி கடைசியா நகர்ந்ததை 2026ஆல பெருக்கி அப்படியே கூட்டினா 25.0 வந்து நிக்குது, மீதி நாலாயிரம் அஞ்சாயிரம் சுற்று ஓடவே வேண்டாம். ஆனா விகிதத்தை 0.9995ன்னு நாலு இலக்கத்தோட வெட்டிராதீங்க, 2026 இருக்க வேண்டிய இடத்துல 1999 ஆயிரும். ஏழு இலக்கமாச்சும் வேணும்.

இந்த இடத்துல ரிச்சர்ட்சன்ங்கிற இங்கிலாந்துக்காரரைச் சொல்லாம போக மனசு வரலை. 1910ல ஒரு கல் அணைக்குள்ள எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ்) இருக்குன்னு இதே மாதிரி கட்டம் போட்டுத் திரும்பத் திரும்பத் திருத்துற முறைல கணக்குப் போட்டாரு, கம்ப்யூட்டர் இல்ல, பையன்களை வச்சுப் போட வச்சாரு, ஒரு புள்ளிக்கு இத்தனை பென்ஸ்னு கூலி, இலக்கம் கூடினா கூலியும் கூடும். ரொம்ப வேகமான பையன்கள்ல ஒருத்தன் மூணு இலக்க நம்பர்ல சராசரியா வாரத்துக்கு 2000 தடவை போட்டான், தப்பாப் போட்டதைக் கழிச்சாச்சுன்னு எழுதி வச்சிருக்காரு. என் 9801 கட்டத்துக்கு அந்தப் பையன் ஒரு சுற்று போடவே அஞ்சு வாரம் ஆகும். பத்தாயிரத்து எழுநூறு சுற்றுன்னா ஆயிரம் வருஷம். அதனால அந்தக் காலத்து ஆளுங்க எப்ப நிறுத்தலாம், எப்படிச் சுற்றைக் குறைக்கலாம்னு யோசிச்ச யோசனை பூரா வயித்துப்பாட்டோட சேர்ந்தது. நாம ஒரு நிமிஷம் கூட ஓடட்டும்னு விட்டுட்டுப் போயிடுறோம்.

சுற்றைக் குறைக்கிற விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போனது எஸ்ஓஆர் (சக்ஸஸிவ் ஓவர் ரிலாக்சேஷன்). காஸ்-சைடல்ல ஒரு கட்டம் இவ்வளவு நகரணும்னு வந்தா, அதை விட அதிகமா நகர்த்திடுறது, எவ்வளவு அதிகம்ங்கிறதுக்கு ஒமேகான்னு ஒரு நம்பர், 1ன்னா சாதா காஸ்-சைடல், 2ஐத் தொட்டா போச்சு, எப்பவும் நிலைக்கு வராது. 1950ல டேவிட் யங் ஹார்வர்ட்ல தன்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இதைத்தான் எடுத்துப் பண்ணாரு, எந்த ஒமேகா வச்சா ரொம்ப வேகம்னு ஃபார்முலாவே கொடுத்துட்டாரு. ஃபிராங்கல்னு இன்னொருத்தரும் அதே வருஷம் தனியா இதே இடத்துக்கு வந்து சேர்ந்தாரு. என் கட்டத்துக்கு அந்த நம்பர் 1.939.

எண்ணிக்கையைப் பாருங்க. விடைல ஒரு இலக்கம் கூடுதலா சரியாக ஜக்கோபிக்கு 4665 சுற்று வேணும். காஸ்-சைடலுக்கு அதுல பாதி, 2333. எஸ்ஓஆர் 1.939ல 37. முதல் தடவை ஓட்டினப்போ பாதில நின்னுருச்சோன்னு பார்த்தேன், முந்நூறு சுற்றுகூட ஆகலை, நடுப்புள்ளி 24.99ஐத் தாண்டி நிக்குது. கோட்ல மாத்தினது ஒரே ஒரு வரி.

ஆனா ஒமேகாவைக் குத்துமதிப்பா வைக்கிறதுன்னா எந்தப் பக்கம் தப்பலாம்னு தெரிஞ்சுக்கணும். 1.5 பாதுகாப்பா இருக்கும்னு வச்சா ஒரு இலக்கத்துக்கு 776 சுற்று. 1.9ன்னா 111. 1.939ல 37. அதைத் தாண்டி 1.95 போனா 45 மட்டும்தான். அதாவது 0.04 குறைச்சலா வச்சதுக்கு மூணு மடங்கு தண்டனை, 0.01 அதிகமா வச்சதுக்கு லேசா ஒரு தட்டு. கீழ இருந்து போறப்போ அந்தப் பள்ளம் செங்குத்தா விழுது, மேல் பக்கம் சரிவா ஏறுது. அதனால சந்தேகமா இருந்தா கொஞ்சம் கூட்டியே வைங்க, 2ஐ மட்டும் நெருங்காதீங்க, 1.99ல மறுபடி 229 ஆயிருது.

கான்ஜுகேட் கிரேடியன்ட்னு இன்னொரு முறையையும் ஓட்டிப் பார்த்தேன், 1952ல ஹெஸ்டனஸும் ஸ்டீஃபலும் கொடுத்தது. இந்தக் கணக்குக்கு எஸ்ஓஆரோட ஏறக்குறைய ஒரே வேகம், ஒமேகா தேடுற தலைவலி இல்ல. ஒழுங்கில்லாத வடிவத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். இப்போதைக்கு சதுரப் பிளேட், எஸ்ஓஆர் போதும்.

இதையெல்லாம் முடிச்சுட்டு நிஜப் பிளேட்டுக்கு வந்தேன். "என்ன தம்பி, இன்னும் பேப்பர்லயேதான் சூடு ஏறுதா, பிளேட்ல ஏறுமா"ன்னு அண்ணன் கேட்டுட்டாரு. மேல 130 டிகிரி, இடதும் வலதும் 30, கீழ் விளிம்பு அடைச்சது. அடைச்ச விளிம்புல வெப்பம் வெளில போகாது, அதனால அந்த விளிம்புக்கு வெளில ஒரு கண்ணாடி வரிசை இருக்குற மாதிரி வச்சுக்கணும், விளிம்புக் கட்டத்துக்குக் கீழ்ப்பக்கத்து நம்பரா மேல்பக்கத்து நம்பரையே போடணும். கோட்ல சின்ன வேலைதான். ஆனா பாருங்க, விளிம்பு அடைபட்டதால உண்மை தெரிஞ்ச பக்கம் ஒண்ணு குறைஞ்சு போச்சு, ஜக்கோபியோட விகிதம் 0.99969 ஆயிருச்சு, 2026ஆ இருந்த பெருக்கம் 3240 ஆயிருச்சு. பழைய 0.01 டாலரன்ஸோட நேரா இந்தப் பிளேட்டைப் போட்டிருந்தா டெஸ்ட் கணக்கை விட மோசமான விடை வந்திருக்கும், அதைச் சொல்ல 25ன்னு ஒரு நம்பரும் இருந்திருக்காது, அழகான கலர் மேப்பை பிரிண்ட் எடுத்து அண்ணன் கைல கொடுத்திருப்பேன். அதை நினைச்சா இன்னைக்கும் ஒரு மாதிரி இருக்கு.

ஒமேகாவும் மாறுது. ஃபார்முலா தெரியாத வடிவத்துக்கும் ஆகட்டும்னு இதை ஓட்டியே கண்டுபிடிச்சேன். முதல்ல ஒமேகா 1ல வச்சு சில ஆயிரம் சுற்று ஓட்டி, விகிதம் உட்கார்ற வரைக்கும் பார்க்கணும். அந்த விகிதத்தை ஒண்ணுல இருந்து கழிச்சு, வர்க்கமூலம் எடுத்து, அதோட ஒண்ணு கூட்டி, ரெண்டை அதால வகுத்தா ஒமேகா. எனக்கு 1.9515 வந்துச்சு. சீக்கிரமா நிறுத்திட்டா விகிதம் குறைச்சலா தெரியும், ஒமேகாவும் குறைச்சலா வரும், அது தண்டனை அதிகமான பக்கம், அதனால வந்ததுக்கு மேல ஒரு சிட்டிகை கூட்டி 1.953 வச்சேன்.

நிறுத்துற வரியையும் மாத்தி எழுதினேன். இப்போ அந்தக் கோட் நகர்ற தூரத்தைப் பார்த்து நிக்குறதில்ல, கடைசி நூறு சுற்றோட நகர்வுகளை வச்சு சராசரி விகிதம் எடுத்து, மிச்ச தூரத்தைக் கணக்குப் போட்டு, அது 0.01 டிகிரிக்குக் கீழ வந்தா மட்டும் நிக்குது. எஸ்ஓஆர்ல சுற்றுக்குச் சுற்று விகிதம் மேலயும் கீழயும் ஆடும், அதனால ஒரே ஒரு ஜோடியை வகுத்துப் பார்த்து நம்பக்கூடாது, நூறுக்குச் சராசரி வேணும். கூடவே 25 வர்ற பழைய கணக்கை அதே ஃபைல்லயே வச்சிருக்கேன், கோட்ல எதை மாத்தினாலும் முதல்ல அது ஓடும், 25 வரலைன்னா மேல போகாது.

நிஜப் பிளேட்டுக்கு நடுப்புள்ளி 57.2ன்னு வந்துச்சு. விடையை உறுப்பு உறுப்பா கூட்டிக் கொடுக்குற தொடர் ஒண்ணைப் பேப்பர்ல போட்டும் பார்த்தேன், மூணு உறுப்பு கூட்டினாலே அதே 57.2. பிளேட்டை மாட்டி, ஹீட்டர் போட்டு, ஒரு மணி நேரம் விட்டு, சூடு அளக்குற தெர்மோகப்பிளை நடுவுல வச்சோம். 55.6. அண்ணன் பரவாயில்லையேன்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு, எனக்கு அந்த 1.6 உறுத்துச்சு. முன்பக்கம் திறந்து கிடக்கு, அங்கேர்ந்து காத்துக்குப் போற சூட்டை நான் கணக்குல எடுக்கவே இல்ல. அதுக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் நாலால வகுக்குற இடத்துல நாலோட ஒரு சின்ன நம்பரைச் சேர்த்து வகுக்கணும், ரூம் சூட்டையும் அந்த நம்பரால பெருக்கி மேல கூட்டணும். நேத்து ராத்திரி அதைச் சேர்த்துட்டு ஒமேகா 1ல விகிதத்தைப் பார்த்தேன், இறங்கியிருக்கு. காரணம் யோசிச்சா நியாயமா இருக்கு, இப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்து நாலு வீட்டைத் தவிர ரூம் காத்துன்னு உண்மை தெரிஞ்ச அஞ்சாவது ஆள் ஒருத்தர் பக்கத்துலயே வந்துட்டாரு. அந்தச் சின்ன நம்பர் எவ்வளவுன்னு சரியா தெரியணும்னா பிளேட்ல இன்னும் ரெண்டு இடத்துல அளந்து பார்க்கணும். சனிக்கிழமை ஹீட்டர் ஃப்ரீயா இருக்கும்னு அண்ணன்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்.